பீடித்தட்டின் சத்தத்தை ராப் பாட்டாக்குவது எப்படி?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றித்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார். குழுக் கடன் இன்னும் அடையவில்லை. தம்பி ராப் எழுதுகிறார், நோட்டு நிறைய வரிகள் இருக்கின்றன. “என் கஷ்டத்தைத்தான் எழுதுகிறேன். கேட்கிறவர்கள் ‘நல்லாருக்குடே’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இதைப் பாட்டாக்கி மேலே வர என்ன வழி?” என்று கேட்கிறார்.

தம்பி, கஷ்டம் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. அதனால் ‘கஷ்டம்’, ‘வலி’, ‘கண்ணீர்’ என்று எழுதினால் கேட்பவருக்கு அதில் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. அந்தக் கஷ்டத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது பாருங்கள், எத்தனை மணிக்கு எழுந்தது, எத்தனை கழிந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று, அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. பாட்டு அதிலிருந்துதான் வரும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கை எப்படி எடுப்பது, தாளத்தில் எப்படி உட்கார வைப்பது, பிறகு அதை யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் எப்படிக் காப்பது என்பதுதான்.

முதல் வேலைக்கு எதுகையும் வேண்டாம், பீட்டும் (குரலுக்குப் பின்னால் ஓடும் தாள இசை) வேண்டாம். உங்கள் வாழ்க்கையில் ஒரே ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ‘என் சின்ன வயசு’ என்று எடுத்தால் கை நழுவிவிடும். ‘பீடிக்கடையில் அம்மாவோடு வரிசையில் நின்ற ஒரு சாயங்காலம்’ என்று எடுங்கள். நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் கண்ணில் பட்ட பொருட்கள்: நனைத்த இலை, கத்தரி, அளவுத் தகடு, தூள், நூல், மடியில் வைத்துச் சுற்றும் பீடித்தட்டு, கூலிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகம். இரண்டாம் பக்கத்தில் சத்தங்கள்: கத்தரி இலையை நறுக்குவது, கட்டைத் தூக்கி மேசையில் போடுவது, தூள் ஏறி வரும் இருமல். மூன்றாம் பக்கத்தில் எண்கள்: ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, சரியில்லை என்று எத்தனை பீடியைக் கழித்தார்கள், இலை பற்றாமல் வெளியில் எவ்வளவுக்கு வாங்கினார், குழுவுக்கு வாரம் எவ்வளவு கட்டவேண்டும். நான்காம் பக்கத்தில் பேச்சு. அந்த ஒரு மணி நேரத்தில் யார் வாயிலிருந்து என்ன வந்ததோ, அதே வார்த்தையில் எழுதுங்கள், திருத்த வேண்டாம். எண்ணும் விலையும் நினைவில்லை என்றால் அம்மாவிடம் கேளுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். பாட்டைக் கேட்கப் போவதில் பாதிப் பேர் வீட்டில் பீடித்தட்டு இருக்கும். கூலியைத் தப்பாகச் சொன்னால் அடுத்த வரியை நம்ப மாட்டார்கள்.

இந்தப் பக்கங்கள் நிரம்பிய பிறகு, ‘வேதனை’, ‘போராட்டம்’, ‘விதி’, ‘நெருப்பு’, ‘சிங்கம்’ போன்ற சொற்களை நோட்டில் எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள். கேட்பவர் மனதில் எழ வேண்டியதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடும் சொற்கள் அவை.

ராப்பின் தாய்வீடான ஹிப்ஹாப் பிறந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய விழாவைத் தொடக்கமாகச் சொல்வார்கள். அது அவருடைய தங்கை பள்ளித் துணிமணிக்குப் பணம் சேர்க்க வைத்த விழா. காசில்லாத இடத்தில், கையில் இருந்த பழைய தட்டுகளின் தாளப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பிறந்த இசை அது. அந்த மரபில் வந்து 2018-ல் புலிட்சர் பரிசு பெற்ற ராப் பாடகர் கென்ட்ரிக் லமார், தன் ஊரான காம்ப்டனின் தெருக்களைச் சொல்லும்போது தெருப் பெயரோடும் வீட்டு ஆட்களோடும்தான் சொல்கிறார். நம் பக்கத்து ஒப்பாரியும் அப்படித்தான். செத்தவர் வாங்கிக் கொடுத்த சேலையின் நிறம், நட்ட மரம், கட்டிய சுவர் என்று பட்டியல் போட்டே அழுவார்கள். ‘துக்கம்’ என்ற சொல் அதில் எத்தனை முறை வருகிறது என்று கவனித்துக் கேளுங்கள்.

இப்போது வரி. புதிதாக எழுதுகிறவர் பெரும்பாலும் இப்படி எழுதுவார்: “கஷ்டம் கஷ்டம் என் வாழ்க்கை நஷ்டம் / யாருக்கும் இல்ல என் மேல இஷ்டம்.” எதுகை இருக்கிறது, ஆள் இல்லை. அதே வீட்டை நான்கு பக்க நோட்டிலிருந்து எடுத்தால் இப்படி வரலாம்:

நனைச்ச இலைய நறுக்குற சத்தம், நாலு மணிக்கு என் அலாரம்
அணைச்ச வெளக்க ஏத்தல அம்மா, ஆயிரத்துக்கு இன்னும் தூரம்
கழிச்ச பீடியும் கடைக்கே போகும், காசக் கழிப்பான் வாராவாரம்
முழிச்சுக் கெடந்தோம் மூணு பேரும், மூடிக்கிட்டே கண்ண

இதை உதாரணத்துக்காக எழுதியிருக்கிறேன், எடுத்துப் பாட அல்ல. இதற்குள் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். நனைச்ச–அணைச்ச, கழிச்ச–முழிச்சு: அடியின் இரண்டாம் எழுத்து ஒத்து வரும் எதுகை. இலக்கணப்படி ‘னை’யும் ‘ணை’யும் வேறு, ஆனால் ராப்பில் காதுதான் நீதிபதி, பாட்டின் வேகத்தில் இரண்டும் ஒன்றாகவே விழும். ஒவ்வொரு அடிக்குள்ளும் மோனை ஓடுகிறது: நனைச்ச–நறுக்குற–நாலு, கழிச்ச–கடைக்கே–காச. அடிக் கடைசியில் அலாரம்–தூரம்–வாராவாரம் என்று இயைபு. நான்காம் அடியில் அந்த இயைபு வேண்டுமென்றே உடைகிறது. மூன்று தடவை ‘-ரம்’ கேட்ட காது நான்காவதையும் எதிர்பார்க்கும். அது வராமல் ‘கண்ண’ என்று சட்டென்று நிற்கும்போது அந்த வரி மட்டும் தனியாகப் பதியும். பாட்டின் மிகக் கனமான செய்தியை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்தால் எதுகை தெரியாமல் எழுதியது போல ஆகிவிடும்.

ஆங்கில ராப்பைப் பார்த்து எழுதுகிறவர்கள் வரி முடிவு ஒலியை மட்டுமே தேடுகிறார்கள். தமிழில் வரி முடிவுகள் ‘-ஆன்’, ‘-உது’, ‘-றேன்’ என்று விகுதிகளாகவே இருக்கும். அவற்றை ஒத்துவைப்பது மிக எளிது, அதனாலேயே சீக்கிரம் சலிக்கும். ‘வந்தேன் – நின்றேன் – சென்றேன்’ என்று எட்டு வரி போனால் கேட்பவர் ஒன்பதாவது வரிக்கு முன்பே எழுந்துவிடுவார். வினைச்சொல்லை வரியின் நடுவுக்குத் தள்ளி, பெயர்ச்சொல்லில் வரியை முடியுங்கள். எதுகையை முன்னால் வையுங்கள். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை ஒரு வாரம் வாய்விட்டுப் படித்தால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று நாக்குக்குப் பழகிவிடும். கழுகுமலை முருகனுக்கு எழுதிய பாட்டு என்றாலும், ஒலி அடுக்கு விஷயத்தில் ராப் எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் இல்லை.

அடுத்தது தாளக் கணக்கு. ‘பார்’ என்றால் தாளத்தின் ஒரு சுற்று. ஒரு பாருக்கு நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு கூறு, ஆக 16 கட்டம். நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில் ஒரு பார் 2.67 நொடி ஓடும், நொடிக்கு 6 கட்டம் வரும். மேலே உள்ள முதல் வரியை, உயிர் ஒலி ஒன்றுக்கு ஓர் அசை என்று எண்ணினால் 21 வரும். 16 கட்டத்தில் 21 அடங்காது, அடக்கினால் வார்த்தை நசுங்கும். எனவே அது இரண்டு பாருக்கான வரி. 32 கட்டத்தில் 21 அசை, மீதி மூச்சுக்கும் நெடிலுக்கும். முதல் பாட்டுக்கு இந்த நிதானம் போதும். வேகமாகப் பாடினால் திறமை என்று நினைத்து 140-க்குப் போகிறவர்களின் பாட்டில் கதை ஒன்றும் காதில் விழுவதில்லை.

கட்டம் போட்ட தாளில் எழுதிப் பாருங்கள். குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்கு இரண்டு, குறிலை ஒற்று அடைத்தால் (சத்-, றுக்-) ஒன்றரையிலிருந்து இரண்டு. ஸ்னேர் (பீட்டில் பளிச்சென்று வெட்டும் மேள அடி) விழுவது 5-ம் 13-ம் கட்டத்தில். அங்கே வல்லின இரட்டிப்பு வந்தால், ‘நறுக்குற’வின் ‘க்கு’, ‘சத்தம்’ என்பதன் ‘த்த’ போல, குரலே மேளமாகும். ‘யிரு’, ‘வரு’ போன்ற மெல்லிய அசை வந்தால் வரி தொங்கும். ‘வரி நல்லாத்தான் இருக்கு, ஆனா பீட்ல உட்காரல’ என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

கட்டம் போதவில்லை என்று குறிலை இழுப்பது இன்னொரு தப்பு. ‘பசி’யை இழுத்தால் ‘பாசி’. ‘குடி’ ‘கூடி’யாகும், ‘படம்’ ‘பாடம்’ ஆகும். தமிழில் நீளம் அர்த்தத்தை மாற்றும், அதனால் இழுக்க வேண்டிய இடத்தில் முதலிலேயே நெடில் உள்ள சொல்லைத் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

பயிற்சிக்கு, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப் போதும். 70-ல் தொடங்கி, தடுக்காமல் மூன்று தடவை முடித்தால் 5 கூட்டுங்கள். மூச்சு எடுக்கும் இடத்தை வரியிலேயே கோடு போட்டுக் குறியுங்கள். இரண்டு பாருக்கு ஒரு மூச்சு என்று எழுதும்போதே இடம் விடவேண்டும். பதிவறையில் போய் மூச்சு தேடினால் வார்த்தையின் கடைசி எழுத்து தின்னப்படும்.

பாட்டின் மொத்த அமைப்பு எளிது: முன் இசை 4 பார், முதல் சரணம் 16, பல்லவி 8, இரண்டாம் சரணம் 16, பல்லவி 8. மொத்தம் 52 பார், 90 வேகத்தில் இரண்டு நிமிடம் இருபது நொடிக்குள் முடியும். பல்லவியில் கதை சொல்லாதீர்கள். கேட்பவர் இரண்டாம் தடவையே கூடப் பாட வேண்டும், பத்துப் பன்னிரண்டு சொல் போதும். பீடி எண்ணுவதே ஒரு தாளம், அதிலிருந்து பல்லவி பிறக்கலாம்.

இரண்டாம் சரணத்தில்தான் பலர் தோற்கிறார்கள். முதல் சரணத்தில் சொன்ன கஷ்டத்தையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள், இல்லையென்றால் திடீரென்று ‘இப்போ நான் ராஜா’ என்று தாவிவிடுகிறார்கள். இரண்டும் பொய்யாக ஒலிக்கும். இரண்டாம் சரணத்தில் நீங்கள் நகர வேண்டும். அம்மா கஷ்டப்பட்டார் என்பது முதல் சரணம் என்றால், அந்தக் கஷ்டத்தில் உங்கள் பங்கு என்ன என்பது இரண்டாவது. கூலி வந்த அன்று ஷூ கேட்டு அடம் பிடித்தீர்களா? பீடி வீடு என்று சேக்காளிகளிடம் சொல்லக் கூச்சப்பட்டீர்களா? தன்னைத் தப்பவிடாமல் எழுதுகிறவர் பேச்சைத்தான் ஆட்கள் நம்புகிறார்கள்.

மொழி விஷயத்தில் ஒன்று. சென்னைப் பேச்சைக் கடன் வாங்காதீர்கள். உங்களுக்கு வளவு, முடுக்கு, சோலி, சேக்காளி, கோட்டி, பைய, ஆச்சி என்று வாயில் வருவதே போதும். ஆனால் வரிக்கு வரி ‘ஏலே’ போட்டு, கையில் அரிவாளைக் கொடுத்து ‘நெல்லைன்னா யாரு’ என்று ஆரம்பிப்பது சினிமா கட்டிவைத்த திருநெல்வேலி. அதை விற்க உங்களைவிடப் பணக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்த அரிவாளால் வீடிழந்தவர்களும் பாட்டுக் கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பீட்டுக்கு வருவோம். யூடியூபில் கிடைக்கும் ‘இலவச’ பீட் பெரும்பாலும் லாபமில்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். வெளியிட்டுக் காசு பார்க்க வேண்டுமானால் லீஸ், அதாவது பயன்பாட்டு உரிமம், வாங்க வேண்டும். லீஸ் என்றால் அதே பீட்டை இன்னும் நூறு பேர் வாங்கலாம், எத்தனை ஸ்ட்ரீம் (இணையத்தில் கேட்கப்படும் தடவை) வரை, எத்தனை வருடம் என்ற வரம்பும் அதில் இருக்கும். படித்துப் பார்த்து ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சினிமாப் பாட்டின் ஒரு துண்டை வெட்டி ஒட்டுவது வேண்டவே வேண்டாம். மூன்று நொடி எடுத்தால் பரவாயில்லை என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

இதைவிட நல்ல வழி நம் ஊரிலேயே இருக்கிறது. வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் அடிக்கும்போது எழும் அடிநாதம் ராப் பீட்டின் கீழ் ஒலி இருக்கும் இடத்தை அருமையாக நிரப்பும். கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம், அதாவது தோல் மேளம். ஒன்று மேலே வெட்டும், மற்றது கீழே தாங்கும். ஸ்னேரும் கிக்கும் (கீழே இடிக்கும் மேள அடி) செய்யும் வேலையை அவை காலங்காலமாகச் செய்துவருகின்றன. வில்லுப்பாட்டுத் தலைவர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டு வாங்குவதும், ராப்பில் முக்கிய குரலுக்குப் பின்னால் வரும் சின்னக் குரல்களும் செய்வது ஒரே வேலைதான். கோயில் கொடை விழா இல்லாத மாதத்தில் ஒரு கலைஞரை அழைத்து, 90 வேகத்தில் மெட்ரோனோமைக் காதில் கொடுத்து, எட்டு பார் அடிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே சம்பளம் கொடுங்கள், பாட்டின் விவரத்தில் பெயர் போடுங்கள், என்ன பயன்பாட்டுக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கஷ்டத்தைப் பாடும் பாட்டில் இன்னொருவர் உழைப்பு ஓசியாக இருக்கக் கூடாது.

பாடத் தொடங்கும் முன் இரண்டு அனுமதி வேண்டும். முதலாவது வீட்டில். அம்மாவிடம் முழுப் பாட்டையும் பாடிக் காட்டுங்கள். கடன், குடி, அடி, விட்டுப் போன ஆள் என்று வெளியே சொல்ல அவர் விரும்பாத விஷயம் இருந்தால் அந்த வரி போகத்தான் வேண்டும். பாட்டு நாலு பேருக்குப் போனால் நாளை பீடிக்கடை வரிசையில் நிற்கப் போவது அவர்தான். இரண்டாவது அனுமதி சட்டத்தோடு. கடன் கொடுத்தவர், கடைக்காரர், வாத்தியார் என்று யார் பெயரையும் அடையாளத்தையும் வைக்காதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் அவதூறு வழக்கை நடத்த உங்களிடம் காசில்லை. சாதியால் பட்ட அவமானத்தைப் பாட உங்களுக்கு முழு உரிமை உண்டு, பாடவும் வேண்டும். ஆனால் இன்னொரு சாதியை இழிவாகப் பேசும் வரி, பகையை மூட்டுவதாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ம் பிரிவில் வழக்காகலாம். வழக்கைவிடப் பெரிய ஆபத்து, நம் மாவட்டத்தில் ஒரு ஸ்டேட்டஸ் வீடியோவுக்கே பள்ளிப் பிள்ளைகள் வெட்டிக்கொள்கிறார்கள். உங்கள் பாட்டு அந்த ஸ்டேட்டஸாக ஆகிவிடக் கூடாது.

எழுதும்போது பழசு கிளறி, தூக்கம் போய், உயிரை விடும் எண்ணம் வந்தால் நோட்டை மூடிவிட்டு 104-க்கோ 14416-க்கோ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். ஆறாத புண்ணை இப்போதே பாட்டாக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பதிவுக்கு வருவோம். மைக் வாங்கப் போனால் எல்லோரும் கன்டென்சர் வாங்கச் சொல்வார்கள். ஓட்டு வீடு, தகரக் கூரை, பக்கத்து வளவில் டிவி, தெருவில் கல்யாண ரேடியோ என்றிருக்கும் இடத்தில் கன்டென்சர் அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக், தனக்கு மிக அருகில் வரும் குரலையே பெரும்பாலும் பிடிக்கும், கீழே விழுந்தாலும் தாங்கும், பிறகு மேடைக்கும் உதவும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் இரண்டு சேனல் கூட வேண்டாம், ஒரு மைக் உள்ளீடு போதும். மைக், இன்டர்ஃபேஸ், ஒயர் ஹெட்போன் மூன்றும் சேர்த்து 20,000 ரூபாயை ஒட்டி வரும். கையில் இல்லையென்றால் கடன் வாங்காதீர்கள். போனில் பேண்ட்லேப் ஆப் இலவசம், முதல் ஐந்து பாட்டின் ஒத்திகைப் பதிவுக்கு அதுவே போதும். இறுதிப் பதிவுக்கு மட்டும் மணிக்கணக்கில் பதிவறை எடுங்கள். வரியும் மூச்சும் மனப்பாடமாக இருந்தால் ஒரு பாட்டை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

வீட்டில் எடுத்தால் ராத்திரி பதினொன்றுக்கு மேல் எடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். முதுகுக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் கனத்த போர்வையோ பத்தமடைப் பாயின் மேல் போர்வையோ தொங்கவிடுங்கள். பாய் மட்டும் என்றால் எதிரொலியை அடக்காது. மைக்குக்கும் வாய்க்கும் நான்கு விரல் இடைவெளி. நேர் எதிரே பாடாமல் மைக்கைச் சற்றுச் சாய்த்து வைத்தால் ‘ப்ப’ வரும்போது காற்று முட்டாது. பதிவுத் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். சத்தமான வரியில் அளவுமானி -6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். சிவப்பு எரிந்துவிட்டால் பிறகு எந்த மென்பொருளும் முழுதாகச் சரிசெய்யாது. சரணத்தை முழுதாக மூன்று தடவை எடுத்து நல்லதை வைத்துக்கொண்டு, பிறகு எதுகைச் சொற்களை மட்டும் தனியாக இன்னொரு தடவை பாடி அடியில் சேருங்கள். முழு சரணத்தையும் இரட்டிப்பாக்கினால் வார்த்தை மங்கும்.

குரலையும் பீட்டையும் சேர்க்கும் கலவையில் புதியவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குரலில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 3-க்கு 1 கம்ப்ரஷன் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பது) போடுங்கள், ‘ச’, ‘ஸ’ சீறினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் அடக்குங்கள். பீட்டைக் குறையுங்கள், குரலைக் கூட்ட வேண்டாம். இறுதி அளவு -14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்த அளவு) பக்கம், உச்சம் -1 டெசிபல். இதைவிடச் சத்தமாக ஏற்றினால் ஸ்பாட்டிஃபை தானே குறைத்துவிடும், நசுங்கிய ஒலி மட்டும் மிஞ்சும். முடித்ததும் ஆட்டோ ஸ்பீக்கரிலும் சாதாரண போனிலும் கேளுங்கள். அங்கே ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் வேலை முடியவில்லை.

வெளியிட ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களில் ஏற்றித் தரும் நிறுவனம், வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கும், ரவுட்நோட்டின் இலவசத் திட்டம் வருமானத்தில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். முதல் பாட்டுக்கு இரண்டாவதே போதும். வெளியீட்டுத் தேதியை மூன்று நான்கு வாரம் தள்ளிக் குறியுங்கள். ஸ்பாட்டிஃபை தொகுப்பாளர்களிடம் பாட்டைக் காட்ட குறைந்தது 7 நாள் முன்பே அனுப்ப வேண்டும். லீஸ் பீட் என்றால் கன்டென்ட் ஐடி என்ற பெட்டியை டிக் செய்யாதீர்கள். செய்தால் அதே பீட்டை வாங்கிய மற்றவர்களின் பாட்டையெல்லாம் உங்களுடையது என்று யூடியூப் பிடிக்கும், அவர்கள் திருப்பிப் புகார் செய்வார்கள், கடைசியில் உங்கள் பாட்டே இறங்கும்.

வருமானக் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்குக் காசே கிடையாது. யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும் வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும், அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையும் வேண்டும். ஆரம்ப இரண்டு வருடத்தில் கையில் நிற்கும் பணம் மேடையிலிருந்துதான் வரும். பாளையங்கோட்டைக் கல்லூரி விழாக்கள், நெல்லை புத்தகத் திருவிழா மேடை, ஊர்க் கொடை, தொழிற்சங்கக் கூட்டம் எல்லாம் மேடைதான். அதனால் பார்க்கும் வேலையையோ படிப்பையோ விடாமல் செய்யுங்கள். பசியோடு இருந்தால்தான் பாட்டு வரும் என்று சொல்கிறவர்கள் வயிறு நிறைந்தவர்கள்.

மேடைக்கு 20 நிமிடத்துக்கு ஐந்து பாட்டு தயார் செய்யுங்கள். முக்கிய குரல் இல்லாத, பல்லவிக் குரல் மட்டும் உள்ள ட்ராக்கை போனிலேயே சேமித்து வையுங்கள், இணையத்தை நம்ப வேண்டாம். போனை ஏரோபிளேன் மோடில் போட மறந்தால் பல்லவி நடுவே அத்தை கூப்பிடுவார். ட்ராக்கை மோனோவிலும் (ஒற்றை ஒலித்தடம்) ஒரு பிரதி வையுங்கள். ஸ்டீரியோ ஒயரை மோனோ உள்ளீட்டில் சொருகினால் சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மைக்செட் அண்ணாச்சியிடம் முன்கூட்டியே போய், எக்கோவை முழுக்க இறக்கச் சொல்லுங்கள். பக்திப் பாட்டுக்கு அழகாக இருக்கும் எக்கோ, ராப்பில் ஒரு வார்த்தையை இன்னொன்றின் மேல் ஏற்றிவிடும். ஊர் விழாக்களில் குழாய் ஒலிபெருக்கி என்றால் கீழ் ஒலி வரவே வராது. அங்கே மகுடத்தின் வெட்டு உங்களைக் காப்பாற்றும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். வீடியோவில் கெத்தாகத் தெரியும், மேடையில் கூவும்.

கடைசியாக, ஆனால் முதல் பாட்டு வெளியாகும் முன்பே முடிக்க வேண்டியது உரிமை. ஒரு பாட்டில் மூன்று சொத்து இருக்கிறது: பாடல் வரி, இசை, ஒலிப்பதிவு. பதிவு முடிந்த அன்றே யார் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓடாதபோது சேக்காளிகளுக்குள் சண்டை வராது. ஓடினால் வரும். வரிக்கும் இசைக்கும் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவுக் கட்டணம் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. பதிவு கட்டாயமில்லை, எழுதிய நிமிடமே உரிமை உங்களுடையது. தகராறு வந்தால் சான்றாக உதவும். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பாடலாசிரியராக உறுப்பினராகுங்கள். வானொலி, மேடை, இணையம் வழியாக வரிக்குச் சேரும் தொகை அதன் வழியாகத்தான் வரும்.

2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாயி எஞ்சாமி’ உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் ஆச்சி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அதை எழுதியதாக ராப் பாடகர் அறிவு சொல்லியிருக்கிறார். குடும்பத்தின் பாடு பாட்டானதற்கு அதைவிடப் பக்கத்து உதாரணம் தேவையில்லை. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே அந்த நிலைமை என்றால், பீடிக்கடைப் பாஸ் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்த நீங்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பாட்டு கொஞ்சம் ஓடினால் ஒரு நிறுவனத்திடமிருந்து போன் வரும். ‘எல்லா உரிமையும், உலகம் முழுதும், நிரந்தரமாக’ என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கும், கூடவே ஒரு முன்பணம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி, வரியையும் இசையையும் எழுதிக் கொடுத்துவிட்டாலும் அவற்றுக்கான ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை எழுதியவர் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு, இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்கு மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதப்படாதவரை, உரிமை உங்களுக்கே திரும்பும். எனவே நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியவை: எத்தனை வருடம், எந்த நாடு, எந்தப் பயன்பாடு, கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை, இனி எழுதப்போகும் பாட்டுகளையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறார்களா. கடைசிக் கேள்விக்குப் பதில் ‘ஆமா’ என்றால் முன்பணம் எவ்வளவாக இருந்தாலும் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம். ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு பத்து நாள் அவகாசம் கேளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் அங்கே இலவசமாக ஆலோசனை பெறலாம். போகும்போது ஆதார், வருமானச் சான்றிதழ், ஒப்பந்தத்தின் நகல், பதிவன்று எல்லோரும் கையெழுத்திட்ட அந்தத் தாள், பீட் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.